வரவேற்பு விழாவுக்குக் கால்ப்போத்தில்

— வடை, கேசரி, பாட்டு, நாடகம்... புதுப் பிள்ளையளுக்கு வரவேற்பு விழா எண்டால் இதெல்லாம் சரி. கால்ப்போத்தில் சாராயம் எதுக்கு, கஜந்தினி?

— சாராயமோ? ஆர் மிஸ் சொன்னது?

— கேற்றிலை காவலுக்கு நிக்கிற செல்வரட்ணம் அண்ணை. அவரிட்டை வாங்கித் தரச்சொல்லிக் கேட்டனீராம். சுருட்டும் வேணுமாம். பொம்பிளைப் பிள்ளையளின்ரை விடுதி இது. நான்தான் வார்டன், மறந்திட்டீரோ?

— அது... நாடகத்துக்கு மிஸ். அதிலை ஒரு குடிகாரன் வாறான்.

— போத்திலிலை வெறும் தேத்தண்ணியை ஊத்திவைச்சால் காணாதோ?

— உண்மையான போத்தில் எண்டால் நல்லா இருக்கும் எண்டு...

— வெறும் போத்தில் எண்டால் அவரே பொறுக்கித் தந்திருப்பார். உமக்கு மூடி உடைக்காதது வேணுமாமே. சரி, ஆர் குடிகாரனா நடிக்கிறது?

— நான்தான் மிஸ்.

— எங்கை, ஒருக்காத் தள்ளாடி நடந்து காட்டும் பாப்பம்.

— மிஸ்...

— உமக்கு நடிப்பும் வராது, பொய்யும் வராது. புதுப் பிள்ளையளுக்குப் பருக்கப் போறியளோ? போன வருசம் ஆம்பிளையளின்ரை விடுதியிலை அப்பிடித்தானே தொடங்கினது.

— பகிடிவதை இல்லை மிஸ். சத்தியமா.

— அப்ப விழா முடிய றஜிதாவை ஏன் உங்கடை அறைக்கு வரச் சொன்னனீங்கள்? முதலாம் வருசப் பிள்ளை. கதவைப் பூட்டிப்போட்டு அவளோடை என்ன அலுவல்?

— அதையும் செல்வரட்ணம் அண்ணையே சொன்னவர்?

— அது நானே கேட்டது. சமையலறையிலை நிண்டு குசுகுசுத்தால் மேலை என்ரை அறைக்குக் கேக்கும். இப்ப சொல்லும். இல்லாட்டி விழாவும் இல்லை, உங்களுக்கு விடுதியும் இல்லை. கடிதம் மேலை போகும்.

— சொன்னால்... அவளின்ரை அம்மாவுக்குச் சொல்லுவியளோ?

— முதல்லை சொல்லும்.

— அவளின்ரை அப்பா மாசியிலை கடலுக்குப் போனவர். வள்ளம் வந்தது. அவர் வரேல்லை.

— தெரியும். முல்லைத்தீவுப் பிள்ளை.

— அம்மா இன்னும் பொட்டு அழிக்கேல்லை மிஸ். வருவாராம். செத்தவைக்குப் படைக்கிற எட்டுச் செலவு செய்யவும் விடேல்லை. இவளுக்கெண்டால்... அப்பா பசியோடை வந்து நிக்கிறமாதிரியே கனவு.

— ம்.

— அதுதான், அவருக்கு விருப்பமானதை ஒரு இலையிலை படைச்சு விடுவம் எண்டு... கணவாய்க் கறி, சுருட்டு, அந்தக் கால்ப்போத்தில். வீட்டிலை ஏலாது. இஞ்சை சும்மா சமைச்சால் ஏனெண்டு கேப்பினம். விழா எண்டால் ஆரும் கேக்கமாட்டினம் எண்டு நினைச்சம்.

— அப்ப இந்த விழாவே அதுக்குத்தானோ?

— ஓம் மிஸ். நாடகம் இன்னும் எழுதவேயில்லை. மிஸ்... கடிதம் போகுமோ?

— சாராயம் உங்கடை அறையிலை இருக்கக்கூடாது. செல்வரட்ணம் அண்ணை வாங்கி என்னட்டைத் தரட்டும். படைக்கேக்கை நான் கொண்டுவாறன்.

— நீங்களும் வாறியளோ?

— ஓம். இன்னொரு இலையும் போடும். அதுக்குச் சாராயம் வேண்டாம். என்ரை மனிசன் குடிக்கிறேல்லை.

— அவர் அவுஸ்திரேலியாவிலையெல்லே மிஸ்?

— அங்கை போறனெண்டுதான் வள்ளம் ஏறினவர், பிள்ளை. போய்ச் சேர்ந்திட்டார் எண்டு சொல்லித் திரியிறது நான்தான்.