செல்லப்பாண்டிக்கு இரண்டு மார்க்

— ரெண்டு ஃபாரமும் எங்க அண்ணனுக்குத்தான? அப்பறம் ஏன் சார் வேற வேற மார்க்கு?

— பிள்ளைக மேல தப்பா கைவச்சு ஜெயிலுக்குப் போனவங்க மறுபடி அதைச் செய்வாங்களான்னு பார்க்கிற ஃபாரம்மா இது. மார்க் கூடக்கூட ஆபத்து. முதல் ஃபாரம் பழசை மட்டும் எண்ணும். அதுல செல்லப்பாண்டிக்கு ரெண்டே மார்க். அடுத்தது, இப்ப மனசு எப்படி, வெளிய யார் துணைன்னு கேட்கும். அதுல பதினாலு. அடுத்த மாசம் வெளிய வர்றாரு. எதை நம்பலாம்னு நான் எழுதணும்.

— அதுக்காகத் தேனியில இருந்து அனுமந்தன்பட்டிக்கு வந்தீகளாக்கும். மோர் குடிங்க.

— இருக்கட்டும்மா. சின்ன வயசுல எப்படி இருந்தாரு?

— வீரபாண்டித் திருவிழாவுக்கு என்னையத் தோள்ல தூக்கிட்டே போவாக. ராட்டினத்துல நான் அழுதேன்னு, சுத்துறவன்கிட்டச் சண்டைக்கே போய்ட்டாக. அய்யா தவறுனப்ப எனக்கு ஒம்பது வயசு. திராட்சைத் தோட்டத்துல இருந்து வந்து, கை கழுவுன ஈரத்தோட எனக்குச் சடை பின்னி விடுவாக. கோணல்மாணலா இருக்கும். பள்ளிக்கூடத்துல சிரிப்பாளுக. நான் அவுக்க மாட்டேன்.

— எழுதிக்கிறேன். துணைன்னு அவரு உங்க பேரைத்தான் குடுத்திருக்காரு. தங்கச்சி நாகஜோதி வீட்டுல இருப்பேன்னு. இந்தக் கோட்டுல நீங்க கையெழுத்துப் போட்டா, பதினாலு ஏழாகிரும்.

— என் பேரையா குடுத்தாக?

— ஆமாம்மா.

— முதல்ல ரெண்டே மார்க்குன்னீகளே, அது எப்பிடி சார்?

— வயசு அறுபத்திரண்டு. வயசானா மார்க் குறையும். இதுக்கு முன்ன வேற கேஸும் இல்லை. முன்பின் தெரியாத பிள்ளைன்னா மார்க் கூடும். இது சொந்தக்காரப் பிள்ளை, அதனால கூடலை.

— சொந்தம்னா ஆபத்து கம்மியா?

— கணக்கு அப்படிம்மா. அந்த மாதிரி ஆளுங்க மறுபடி கேஸ்ல மாட்டுறது கம்மி.

— மாட்டுறதுதான சார் கம்மி. சொந்தத்துக்குள்ள யாரு ஸ்டேஷன் படி ஏறுவாக?

— நியாயம்தான். ஆனா அந்தப் பிள்ளையோட அம்மா ஏறியிருக்காங்களே.

— அவ யாருன்னு தெரியுமா?

— தெரியாதும்மா. பேரு, ஊரு எல்லாம் மறைச்ச பேப்பர்தான் எனக்கு வந்துச்சு.

— அந்தக் கையெழுத்துக் கோட்டை அடிச்சுருங்க சார். ஸ்டேஷனுக்குப் போனவ நான்தான். அது எம் மக.