நாலாவது டயர்

ஹலோ... ஹலோ, டயர் கடைங்களா?... கேக்கலை தம்பி, அந்தக் காத்தடிக்கிற மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க... ம்... இப்ப கேக்குது. அக்கா பேசுறேன்... எந்த அக்காவா? டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வீட்டுல இருந்து. பைக் ஓட்டக் கத்துக்குடுக்கிறவர்... எட்டு மாசத்துல மூணு தடவை டயர் மாத்தினவர்... ஆமா, ஆமா, அவரேதான். அதான, தெரியாம எப்படி இருக்கும்.

நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன் தம்பி. அவர் உங்க கடைக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கார்... ஆமா, நாலாவது தடவை... சிரிக்காதீங்க. நீங்க மாத்தக் கூடாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்... உங்க வியாபாரம்னு எனக்கும் தெரியும். வேற யாருக்காவது மாத்துங்க.

...ஸ்பீக்கர்லயா? எதுக்கு?... கையெல்லாம் கிரீஸா. சரி சரி, போட்டுக்கங்க. கடையில வேற யாரும் இல்லையே?... அப்ப சரி. இங்கயும் யாரும் இல்ல. அதாவது ஒருத்தர் இருக்கார், ஆனா அவர் வாயில பஞ்சு இருக்கு... நான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறேன் தம்பி. ஊசி போட்டு நாற்காலியில சாய்ச்சு வச்சிருக்கு. மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும், டாக்டர் சாப்பிடப் போயிருக்கார்... இல்ல, இவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார். முடியாது. சார், உங்களைத்தான். மரத்துப்போச்சா? ஆமான்னா கையைத் தூக்குங்க... இன்னும் இல்லையாம்.

சொல்றேன் கேளுங்க. இப்பத்தான் எனக்குப் போன் பண்ணார். மழை பிடிச்சுக்கிச்சாம், பெட்ரோல் தீர்ந்துபோச்சாம், வண்டியைத் தள்ளிக்கிட்டே வர்றாராம்... நேத்துதான் டேங்க் நிரப்பினார் தம்பி, நான் பக்கத்துலயே நின்னேன். எங்க வண்டிக்கு மழை வந்தா மட்டும் பெட்ரோல் தீரும். எட்டு மாசமா அப்படித்தான்... ஆமா, அக்கம்பக்கத்துல எல்லாரும் நம்புறாங்க. வண்டி ரொம்பக் குடிக்குதுன்னு பேச்சு. தள்ளிக்கிட்டு உங்க கடை வரைக்கும் வர அரை மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள நாம பேசி முடிச்சுடலாம்.

விஷயம் என்னன்னா, நாளைக்குக் காலையில ஸ்கூல்ல புது ஆளுங்க சேர்றாங்க. மழை பெஞ்சாலும் வகுப்பு நடத்தியே ஆகணும்னு முதலாளி சொல்லிட்டார். ஈரத் தரையில எப்படி பிரேக் பிடிக்கணும், எப்படித் திருப்பணும்னு இவர் ஓட்டிக் காட்டணும். முடியலைன்னா கவுண்டர்ல உட்கார்ந்து ஃபாரம் நிரப்பிக் குடுக்கட்டும்னுட்டார்... இருபத்திரண்டு வருஷம் தம்பி! இந்த ஊர்ல ஓட்டுற பாதிப் பேருக்கு கிளட்ச் எதுன்னு காட்டினதே இவர்தான். இப்ப பிள்ளைங்க இவருக்கு 'வானிலை சார்'னு பேர் வச்சிருக்கு. மேகம் கறுத்தா வகுப்பு முடிஞ்சுதாம்... ஓ, உங்க கடையிலயும் அதே பேர்தானா. நல்லது.

நேத்து சாயங்காலம் வந்து என்ன சொல்றார்ங்கறீங்க? 'கவுண்டரும் பரவாயில்ல, ஃபேன் இருக்கு'ங்கறார்... ஆமா, ஃபேன். கோவப்பட்டிருந்தா, தட்டைத் தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். ஃபேன் இருக்குன்னதும்தான் உங்க நம்பரைத் தேடி எடுத்தேன்.

அதனால நீங்க அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும். டயர்ல ஒரு குறையும் இல்லைன்னு... நான் சொன்னா எப்படி நம்புவார்? நான் பல் கட்சி. நீங்கதானே டயர் கட்சி.

...என்னது, முடியா? டயருக்கு ஏது முடி?... ஓ, புது டயர்ல ரப்பர் நூல் நூலா நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுவா... ம்... ம்... போன தடவை கழட்டின டயர்ல ஓரம் பூரா அது அப்படியே இருந்துச்சா?... நடுவுல தேஞ்சுபோய், ரெண்டு ஓரத்துலயும் முடி. எங்க அண்ணன் தலை மாதிரி. சரி, அதுக்கு என்ன அர்த்தம்?... வண்டியைச் சாய்க்கவே இல்லையா! சாய்க்காம எப்படித் தம்பி வளைவுல திருப்புறார்?... இறங்கித் திருப்புறாரா... நீங்களே பார்த்தீங்களா. சரி, மேல சொல்லுங்க. இனிமே எனக்கு அதிர்ச்சி ஆக என்ன இருக்கு.

...இருங்க, இருங்க. புது டயர்தான் வழுக்குமா?... அச்சுல ஒட்டாம வர்றதுக்கு எதையோ பூசுவாங்களா... அது தேஞ்சு போற வரைக்கும் ஈரத்துல பார்த்து ஓட்டணும்... நூறு நூத்தம்பது கிலோமீட்டர்... ஓரமும் தேயணும், கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சுப் பழக்கணும்... ம். தம்பி, எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க. வழுக்குதுன்னு பயந்து இவர் புது டயர் போடுறார். புதுசுங்கறதால அது வழுக்குது. இதுவும் வழுக்குதேன்னு அதைக் கழட்டிட்டு இன்னொரு புதுசு போடுறார்... சரியா?... அப்படின்னா எட்டு மாசமா இந்த மனுஷன் வழுக்குற டயரா தேடித் தேடிப் போட்டுக்கிட்டு இருக்காரா! இதை நீங்க ஏன் அவர்கிட்ட சொல்லலை?... சொன்னீங்களா? என்ன சொன்னார்?... 'தெரியும், பரவாயில்ல, மாத்து'ன்னாரா. தெரியுமா? தெரிஞ்சே எதுக்கு... என்ன மனுஷனோ.

ஒரு நிமிஷம். சார், துப்பணுமா?... அதை இழுக்காதீங்க, அது எச்சில் உறிஞ்சுற குழாய். இந்தாங்க... மெதுவா... காதை இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு என்ன செய்யப்போறீங்க, நேரா படுங்க.

ஹலோ... அங்க என்ன சத்தம்? வண்டி எதுவோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு... ஒண்ணும் இல்லையா. சரி... இல்ல இல்ல, அப்புறம் பேச வேணாம். முக்கியமானதை நான் இன்னும் சொல்லவே இல்ல. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்லலைன்னா எனக்குத் திரும்ப வாய் வராது... ஏன் இருமுறீங்க? நனைஞ்சீங்களா?... சரி, நீங்க இருமுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

எட்டு மாசம் முன்னால நாங்க வண்டியோட விழுந்தோம்ல, அந்த ரவுண்டானாகிட்ட. மழை விட்டிருந்துச்சு, ரோடு மட்டும் ஈரம். நான் பின்னால உட்கார்ந்திருந்தேன். அழகாத்தான் ஓட்டிக்கிட்டு வந்தார், ஒரு அவசரமும் இல்ல. ஜனங்க கடக்கிறதுக்கு வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்களே, அங்க வர்றப்போ எனக்குத் திடீர்னு அடுப்பு ஞாபகம் வந்துடுச்சு... அடுப்பு தம்பி. கேஸ் அடுப்பு. அணைச்சேனா இல்லையான்னு... கத்திட்டேன். 'ஐயோ, அடுப்பு!'ன்னு. காதுகிட்ட. முதுகுல ஒரு அடி வேற. பதறிப்போய் பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்திட்டார். சரியா அந்தக் கோட்டு மேல... ஆமா, பெயிண்ட் நனைஞ்சா டயர் நிக்காது, இப்பத்தான் தெரியுது. எனக்கு மணிக்கட்டு முறிஞ்சுது. அவருக்கு ஒரு கீறல் இல்ல. ஒரு கீறல் பட்டிருந்தா அவருக்கு இவ்வளவு ஆகியிருக்காது.

...அடுப்பா? அணைச்சுத்தான் இருந்துச்சு.

எந்திரிச்சதும் டயரைத்தான் உதைச்சார். 'டயர் விட்டுடுச்சு, டயர் விட்டுடுச்சு'ன்னார். நான் கத்தினது ஹெல்மெட்டுக்குள்ள கேக்கலை போல. நானும்... நானும் வாயை மூடிக்கிட்டேன் தம்பி. என் கையில மாவுக்கட்டைப் பார்க்கிறப்பல்லாம் அவர் டயரைத் திட்டுவார், நான் ஆமாம்பேன். இப்படி ஆமா ஆமான்னு சொல்லியே அவரைக் கொண்டுபோய்க் கவுண்டர்ல உட்கார வச்சுட்டேன். டயர் மேல தப்பில்ல. அவர் மேலயும் தப்பில்ல. இந்த வாய் மேலதான்... தம்பி?... திரும்பவும் இருமலா... இது நீங்க இல்லையே. இது தொண்டையைச் செருமுறது. இந்தச் செருமலைப் பத்தொன்பது வருஷமா கேக்குறேன் நான்.

...

ஏங்க?

...எப்ப வந்தீங்க?... எதுல இருந்து கேக்குறீங்க?... வெள்ளைக் கோட்டுல இருந்தா. அப்போ எல்லாம் கேட்டாச்சு. சரி... சாப்பிட்டீங்களா?

அரை மணி நேரம் ஆகுமே, எப்படி அதுக்குள்ள... ஓட்டிக்கிட்டா? நீங்களா? இந்த மழையிலயா?... யாரு, போன வருஷம் கத்துக்கிட்ட பொண்ணா... பார்த்துட்டு நிறுத்திச்சா... 'சார், கயிறு கட்டி இழுக்கட்டுமா'ன்னு கேட்டுச்சா! கேக்கும், நீங்க கத்துக்குடுத்த பிள்ளைதானே... அது முன்னால, நீங்க பின்னால... ரெண்டு காலையும் தரையில தேய்ச்சுக்கிட்டே. பரவாயில்லங்க. டயர்தான் தேயலை, செருப்பாவது தேயட்டும்... வழுக்கிச்சா?... ஒரு இடத்துலகூடவா?... ம்... ம்.

நான் சொன்னதுக்கு என்ன சொல்றீங்க?... இல்லைங்க, டயர் இல்ல, நான்தான். நான் கத்தினேன்... கேக்கவே இல்லையா? நிஜமாவா?... சும்மா டயர் டயர்ங்காதீங்க. தம்பி அங்க கிரீஸ் கையோட நிக்குது, அதைக் கேளுங்க... அது கூரையைப் பார்க்குதா. பார்க்கும்.

சரி, இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. டயர் மாத்த வேணாம், அதே இருக்கட்டும். சாயங்காலம் வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க... மழை விடாட்டியும்தான். அந்த ரவுண்டானாவை மெதுவா நாலு சுத்து சுத்துவோம், ஒரு பக்கத்து முடியாவது போகட்டும். காலையில வகுப்புக்கு ஆகும்ல... பஸ்ஸா? இத்தனை நாள் பஸ்ல போனது போதுங்க. நான் பயந்துக்கிட்டா பஸ்ல போனேன்? நான் பின்னால உட்கார்ந்தா உங்க தோள் நடுங்குது. அதைப் பார்க்க முடியாமத்தான் போனேன்... ஆமா, தெரியும். பின்னால இருக்கிறவளுக்குத் தெரியாதா?

...கத்த மாட்டேன். வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் கத்த மாட்டேன், இறங்கினப்புறம் சொல்றேன்... சத்தியமா.

சார், மரத்துப்போச்சா?... கையைத் தூக்கிட்டார். அப்புறம் ஏன் குலுங்குறீங்க? சிரிக்காதீங்க, பஞ்சு உள்ள போயிடும். டாக்டர் படியேறுற சத்தம் கேக்குது, வைக்கிறேங்க... இருங்க, இருங்க, வச்சிடாதீங்க. ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது.

காலையில நான் அடுப்பை அணைச்சேனா?

...பார்த்தீங்களா? நீங்களா?... நான் செருப்பு மாட்டுறப்போ நீங்க திரும்ப உள்ள போவீங்களே, அதுக்கா?... சாவியை மறந்துட்டேன்னுல்ல சொல்வீங்க... தினமுமா?... எப்ப இருந்து?... நாம விழுந்த மறுநாள்ல இருந்தா.

...

அப்போ உங்களுக்குக் கேட்டிருக்கு.

...ஹலோ?... லைன் கட்டாகலை, அந்தக் காத்து மெஷின் திரும்ப ஓடுறது கேக்குது. நீங்க நிக்கிறீங்கன்னு தெரியுது... கேட்டுட்டுத்தான் எட்டு மாசமா என் முன்னால டயரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்களா... அதுக்கு மூணு ஜோடி டயரா... சரி. ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு இங்க கண்ணு தெரியலை, டாக்டர் வேற வந்துட்டார்... இதோ வர்றேன் டாக்டர், மரத்துப்போச்சு, ரெடியா இருக்கார்... ஏங்க, அஞ்சரைக்கு வாசல்ல நிக்கிறேன். பின்னால இருக்கிற கம்பியை இனிமே நான் பிடிக்க மாட்டேன், உங்களைத்தான் பிடிச்சுக்குவேன்... ம்... ம். மெதுவாவே வாங்க, காலைத் தேய்ச்சுக்கிட்டே வந்தாலும் சரி.

பெட்ரோல் தீராம வாங்க. வைக்கிறேன்.