நான்கு புள்ளிகள்

எனக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம், ஐயா. நோய் எதுவும் இல்லை, சின்ன வயதுப் பழக்கம். அக்காவுக்குப் பதினொரு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருமே இனிப்பை விட்டுவிட்டோம்.

ஆய்வகத்தில் என் வேலை, ரத்தச் சர்க்கரையை அளக்கும் பட்டை செய்வது. கடைப் பட்டைகளில் நொதி இருக்கும். வெயில் பட்டால் கெட்டுவிடும். நான் நொதிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் துகள்களைப் பூசினேன். வருடக்கணக்கில் கெடாது. முதல் பட்டைக்கு அக்காதான் விரலை நீட்டினாள். "ஊரான் விரலைக் குத்துறதுக்கு முன்னாடி என்னைக் குத்துடா" என்றாள்.

ஒரு குறை இருந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டவர்களின் ரத்தத்தில், மாத்திரையையும் சேர்த்துச் சர்க்கரை என்று காட்டிவிடும். அப்படி நான்கு பேரின் அளவுகள் சோதனை வரைபடத்தில் நான்கு புள்ளிகளாக எகிறி நின்றன. அவற்றை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தேன். அக்கா வீட்டிலும் என் பட்டையில்தான் பார்த்துவந்தாள். அவளுடைய பழைய கருவி சில நாள் மட்டும் வேறு எண் காட்டியது. இரண்டும் இருந்தால் குழப்பம் என்று சொல்லி அதை வாங்கி வந்துவிட்டேன். நான் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.

பட்டைக்கு அனுமதி தருவதற்காக நிபுணர் குழு ஆய்வகத்துக்கு வந்த அன்று மதியம் அழைத்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது என்றாள்.

"முந்நூத்தி அறுபது காட்டுதுடா. ஆனா கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. இன்சுலின் போட்டுக்கவா?"

சர்க்கரை ஏறினால் அப்படி நடுங்காது, இறங்கினால்தான் நடுங்கும். அது எனக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் குழு உட்கார்ந்திருந்தது. பட்டையை நம்பாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே உள்ளே போய் நம்புங்கள் என்று சொல்ல எனக்கு வராது. நான் பொய் பேசிப் பழகாதவன்.

"போட்டுக்கோக்கா" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்."

கைபேசியை அணைத்துவிட்டு உள்ளே போனேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

அத்தான் வேலை முடிந்து வந்தபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். சர்க்கரை டப்பாவை எட்டி எடுத்திருக்கிறாள். மூடியைத் திறக்கக் கையில் தெம்பு இருக்கவில்லை.

அழுதேன், ஐயா. இப்போதும் தனியாக இருந்தால் அழுகை வந்துவிடுகிறது.

காய்ச்சல்தான் அவளைக் கொண்டுபோனது என்று அத்தான் நினைக்கிறார். போன வாரம் வந்திருந்தார். அவருக்கும் சர்க்கரை எட்டிப்பார்க்கிறதாம். அவள் வைத்துவிட்டுப் போன பட்டைகள் ஒரு பெட்டி இருக்கிறது, அவள் ஞாபகமாக அதையே பயன்படுத்தலாமா என்று கேட்டார். அவர் மனம் நோகக்கூடாதே என்று தலையாட்டினேன்.