பிரிட்ஜ் கதவில் பச்சை உறை

— ஐயாவுக்கு ஊசி போட்டாச்சு, ஒலேனாம்மா, தூங்கிட்டார். சரி, பிரிட்ஜ் கதவுல இருந்த பச்சை உறை எங்க?

— காந்தம் பிடிக்கல, விழுந்துடுச்சு. போர்ஷ்ட் சூப் சுட வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ மரிவிக். பனியில நாப்பது மைல் ஓட்டிட்டு வந்திருக்க.

— அதே காந்தம் உங்க பேத்தி போட்டோவைப் பிடிச்சுக்கிட்டுதானே இருக்கு. உறையை எங்க வச்சீங்க?

— நீ நர்ஸா, போலீஸா பொண்ணே?

— அவர் மூச்சு நின்னு நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா, வர்றவங்க முதல்ல பார்க்கிறது பிரிட்ஜ் கதவைத்தான். 'மூச்சு நின்னா எதுவும் செய்ய வேண்டாம்'னு அவர் கையெழுத்துப் போட்ட தாள் அந்த உறையில அங்க இருந்தா நிம்மதியா விட்டுடுவாங்க. இல்லேன்னா நெஞ்சைப் போட்டு அமுக்குவாங்க, விலா எலும்பு ஒடியும். கான்சர் எலும்பு வரைக்கும் போயிடுச்சு. இந்த நிலைமையில அது அவருக்கு வேணுமா?

— மெதுவா பேசு.

— டாக்டர் எல்லாத்தையும் சொல்லித்தானே கையெழுத்து வாங்கினார். 'அறுவடை முடிஞ்சுது, அறுப்பு மெஷினை ஷெட்டுல விடுங்க'ன்னு ஐயா சிரிச்சாரே, நானும் இருந்தேனே.

— மனுஷங்க முன்னாடி என் புருஷன் வாசில் அப்படித்தான் சிரிப்பார். வயல்ல மெஷின்ல கை மாட்டி ரெண்டு விரல் போனப்பவும் சிரிச்சார்.

— விட மனசு வராதும்மா. எங்கப்பா மணிலாவுல சாகக் கிடந்தப்ப நானும் இங்கேருந்து போன்ல கத்தினேன், எப்படியாவது காப்பாத்துங்கன்னு. ஆனா இதுல உங்க விருப்பமும் என் விருப்பமும் பெருசில்ல. அவர் விருப்பம்தான், சரியா?

— அவர் விருப்பம்.

— ஆமா. எங்க இருக்கு?

— மாவு டப்பாவுக்குப் பின்னால.

— இதோ, ஒட்டிட்டேன். ரெண்டு காந்தம் வச்சிருக்கேன். இனிமே எடுக்காதீங்க. ஏம்மா, எதுக்கு அழறீங்க?

— ஞாயித்துக்கிழமை அதை எடுக்கச் சொன்னதே அவர்தான். 'சாகப் பயமா இருக்கு ஒலேனா, எலும்பு ஒடிஞ்சாலும் பரவாயில்ல'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். ஊசி வேகம் இறங்கினா அவர் கத்துற கத்தலை மூணு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன், இனிமே தாங்காது. அவர் பேச்சை மீறித் திரும்ப ஒட்ட எனக்குக் கை வரல, பொண்ணே. நீ வந்து ஒட்டிடுவேன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்.