எடைக் கருவியில் ஒரு கால்விரல்

கணவரோடு பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போவது எனக்கு எப்போதுமே பிடிக்கும். டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறோம். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன ஊர் வேறெதுவும் இல்லை.

நெடுஞ்செழியன் கெட்டவர் இல்லை. பேச்சு குறைவு, அவ்வளவுதான். என்னை ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் இயந்திரம் உடம்பு நீரை அதிகமாக எடுத்துவிட, அவருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கியது.

“வேணி, கண்ண இருட்டிக்கினு வருது. எங்கியும் போவாத.”

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல்முறை. சலைன் ஏற்றியதும் சரியாகிக் கையை விட்டுவிட்டார்.

எவ்வளவு நீர் எடுப்பது என்பதை எடை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எடை மேடையில் அவரை ஏற்றிப் பின்னால் தாங்கி நிற்பது நான். அன்றைக்குப் பிறகு, புடவை மறைவில் கால் கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்துவேன். ஒரு கிலோ, சில நாள் ஒன்றரை. முடிந்தபின் மறுபடி எடை பார்க்கும்போதும், கணக்கு இடிக்காமல் இருக்க அதே அளவு அழுத்திவிடுவேன்.

“இன்னாண்ணே, வீடூர் டேமையே குடிச்சிட்டு வந்துட்டீங்களா?” என்று நர்ஸ் அஸ்வினி சிரிப்பாள்.

“சத்தியமா இல்ல பாப்பா. நாக்கு ஒட்டிக்கினு கெடக்குது.”

பயந்துபோய், குடிக்கிற தண்ணீரை இன்னும் குறைத்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மாசியில் ஒருநாள் அவருடைய வலது கண் விடியவில்லை. பிரஷர் இப்படித் திடீர் திடீரென்று இறங்கினால் கண் நரம்புக்கு ரத்தம் போகாது, போன பார்வை திரும்பாது, இன்னொரு கண்ணையாவது காப்பாற்றுங்கள் என்றார் கண் டாக்டர். மூன்று வாரம் விரலை வைக்கவில்லை. பிரஷர் இறங்கவே இல்லை. மூன்று வாரமும் நான் ‘இந்தா’தான். நான்காவது வாரம் என்னால் முடியவில்லை.

இடது கண்ணும் போனபின் விரல் தேவைப்படவில்லை. அதுவரை அவரே படித்துச் சொன்ன எடையை இப்போது நான் சொல்ல, அஸ்வினி எழுதிக்கொள்வாள்.

“எவ்ளோ காட்டுது வேணி?”

“கூடத்தான் காட்டுதுங்க.”

“நான் ஒண்ணுமே குடிக்கலியே,” என்று அழுவார்.

நேற்று அஸ்வினி தானே எழுந்து வந்து எண்ணைப் பார்த்துவிட்டாள். எல்லாம் நான்தான் செய்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. மறைக்க ஒன்றுமில்லை. அவரைக் கூட்டேரிப்பட்டில் அவருடைய தங்கை பொன்னி வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறீர்கள். பொன்னி நல்லவள்தான், ஆனால் விவரம் போதாது. அவருக்கு அடிக்கடி பிரஷர் இறங்கும், ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.