சம்பளத்தில் பேர் எழுத இடமில்லை

— அநாதைப் பிள்ளையளின்ர சிரிப்புக்கு நாற்பது ஐரோ கூட, சிஸ்டர் பேர்பெச்சுவா. போன வருசம் முப்பதுக்குச் சிரிச்சதுகள்.

— தன்சானியாவிலயும் அரிசி விலை ஏறிப்போச்சு, தம்பி அந்தோனி. சிரிக்க முந்திச் சாப்பிடவேணும். எண்பது பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு, ஒரு கேக், உங்கட ஆக்களின்ர பேர் போட்ட பதாகையோட ஒரு படம். எல்லாம் சேர்த்துத்தான் நாற்பது.

— அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தனான். யோகம் அக்கா என்ர கடைக்குள்ள நிண்டு அழுதவ. புருசன்ர ஆண்டு நினைவுக்குச் சாப்பாடு குடுக்கச் சொல்லிக் காசு கட்டினவ. வீடியோவில உங்கட பிள்ளையள் கைதட்டி ஹாப்பி பேர்த்டே பாடுதுகள்.

— ஆண்டவரே! அண்டைக்கு ஜெர்மனியில உங்கட எசன் நகரத்தில இருந்து மட்டும் மூண்டு வந்தது, தம்பி. ரெண்டு பிறந்தநாள், ஒரு நினைவுநாள். பிள்ளையளுக்குத் தலை சுத்திப்போச்சு.

— கேக்கிலயும் செத்த மனுசன்ர பேர்.

— கேக் ஒண்டுதான். பேரை மட்டும் வழிச்சு வழிச்சு எழுதினனாங்கள்.

— அப்பா, பைன்லிஷ்! வெக்கமா இருக்கு, காசுக் கதையை விடுங்கோ. ஆகஸ்ட் பயணத்தைக் கேளுங்கோ. போனைப் பிடிச்சுப் பிடிச்சு என்ர கை நோகுது.

— பொறு வேணுஜா, அதுக்குத்தான் வாறன். சிஸ்டர், இந்த முறையும் எங்கட இளையோர் எட்டுப் பேர். மூண்டு கிழமை. முழுக்கத் தொண்டு. பெயின்ற் வாளி எல்லாம் தங்கட செலவில வாங்குவினம்.

— பெயின்றோ? எதுக்கு?

— பள்ளிக்கூடச் சுவருக்கு.

— தம்பி, அந்தச் சுவரைப் போன வருசம் உங்கட பிள்ளையள் மஞ்சளாக்கினவை. ஒக்டோபரில பவேரியாவில இருந்து ஒரு குழு வந்து நீலமாக்கினது. ஈஸ்டருக்கு வந்தவை வானவில் கீறிப்போட்டுப் போனவை. ஒவ்வொரு பூச்சுக்கும் சுவர் தடிக்குது, வகுப்பு சின்னனாகுது. இன்னும் ரெண்டு குழு வந்தால் கடைசி வாங்கு முத்தத்தில நிக்கும்.

— அப்ப வேற வேலை சொல்லுங்கோ. செய்வினம்.

— வேலை இருக்கு. அதைச் செய்ய ஆளும் இருக்கு. ஆளுக்குச் சம்பளந்தான் இல்லை. கணக்கு வாத்தியார் யோசேப்பு இந்த மாசத்தோட போறாராம். நவம்பரில எங்கட மூத்த வகுப்புக்கு அரசாங்கச் சோதினை. வாத்தியார் போனால் அதுகளின்ர படிப்பு அதோட சரி. பெடியள் மாடு மேய்க்கப் போவான்கள், பெட்டையளைக் கட்டிக் குடுத்துப்போடுவினம். அதுதான் கேக்கிறன், எட்டுக்குப் பதிலா ஏழு பேர் வரட்டும். மிச்ச ஆளின்ர டிக்கெட் காசை அனுப்புங்கோ. வாத்தியார் சோதினை முடியுமட்டும் நிப்பார்.

— மன்னாரில மீன் விலை பேசின வாய், சிஸ்டர்! கன்னியாஸ்திரி உடுப்புப் போட்டும் பேரம் போகேல்லை. நானும் சாமான் விக்கிறவன், சொல்லுறதைக் கேளுங்கோ. சனம் சுவருக்குத் தரும். கிணத்துக்குத் தரும். ஒரு ஆடு வாங்க எண்டு கேட்டால் ரெண்டு ஆட்டுக்குத் தரும். சம்பளத்துக்குத் தராது. சம்பளத்தில பேர் எழுத இடமில்லை.

— வாத்தியாற்ற சேட்டு முதுகில எழுதுவம்.

— பகிடி விடாதேங்கோ. எட்டுப் பேரில ஆரை வெட்டுறது? ஒவ்வொரு தாய்தகப்பனும் என்ர கடையில அரிசி மூட்டை எடுக்கிற சனம்.

— அப்ப உங்கட மகளை வெட்டுங்கோ. அவவின்ர தகப்பன் வேற கடைக்குப் போகமாட்டார்.

— என்னையோ! சிஸ்டர், நான் மெடிசினுக்கு விண்ணப்பிக்கப்போறன். தொண்டு செய்த சான்றிதழ் வேணும். என்ர சிநேகிதி தேனுஜா ஆப்பிரிக்காவில நிண்டதை எழுதித்தான் இடம் எடுத்தவள்.

— சரி பிள்ளை, போன வருசம் வந்து என்ன செய்தனி?

— சுவர் அடிச்சனான். பிறகு சின்னப் பிள்ளையளுக்குத் தலை பின்னினனான். இல்லை... அவையள்தான் எனக்குப் பின்னினவை.

— ஓம், வடிவாப் பின்னினவை. உங்களுக்கு வரவேற்புப் பாட்டுப் பழக ஒரு கிழமை வகுப்பில்லை. நீங்கள் நிண்ட மூண்டு கிழமையும் வகுப்பில்லை. நீங்கள் பிளேன் ஏறினாப்பிறகு சின்னனுகளின்ர அழுகையை நிப்பாட்ட இன்னொரு கிழமை. நான் உன்னைக் குறை சொல்லேல்லை, பிள்ளை. நல்ல மனம் உனக்கு. ஆனால் உன்னை எங்கட பிள்ளையள்தான் பராமரிச்சவை.

— சரி சிஸ்டர், அவளை விடுங்கோ. வியாபாரமாக் கதைப்பம். வாத்தியாருக்குக் காசு குடுக்கிறன் எண்டே வையுங்கோ. வாற சரக்கென்ன? அந்தாள் படிப்பிச்சு ஆர் உருப்பட்டது? ஒரு சாம்பிள் காட்டுங்கோ பாப்பம்.

— சாம்பிள் உங்கட எசனிலதான் நிக்குது. நடாலி. கைக்குழந்தையா எங்களிட்ட வந்தவள். யோசேப்பு வாத்தியாரிட்டப் படிச்சுச் சோதினை பாஸ் பண்ணி, முதியோர் பராமரிப்பு ஆவுஸ்பில்டுங்குக்கு, அந்தத் தொழிற்பயிற்சிக்கு, இடம் கிடைச்சு அங்க வந்தவள்.

— எசனிலயோ? முந்தியே சொல்லக்கூடாதே! கூட்டத்தில மேடை ஏத்தியிருந்தால் ஒரே நாளில அஞ்சாயிரம் சேர்த்திருப்பன்.

— அதுக்குப் பயந்துதான் சொல்லேல்லை. ஆனால் உங்கட கடைக்கு வாறவள். சனிக்கிழமையில பனங்கட்டி வாங்குவாள்.

— ஓ, அந்தப் பிள்ளையோ! ஆப்பிரிக்கப் பிள்ளைக்குப் பனங்கட்டி என்னத்துக்கு எண்டு நானும் யோசிச்சனான். ஒருநாள் அம்பது சதம் குறைச்சுக் கேட்டவள். நான் விடேல்லை.

— அது அவளுக்கில்லை. அவள் பதினாலு மாசமா வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஒரு தமிழ் ஐயா இருக்கிறார். ஜெர்மன் முழுக்க மறந்துபோச்சு, தமிழ் மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கு. நான் இஞ்ச இரவுச் செபத்தைத் தமிழில சொல்லிப் பழக்கினதில இவளுக்குக் கொஞ்சம் விளங்கும். அந்த மாடியில இவளோட மட்டும்தான் கதைக்கிறாராம்.

— எந்த இல்லம், சிஸ்டர்?

— கால்வாய்க் கரையில எண்டவள். மூண்டாம் மாடி. கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு படம் மாட்டியிருக்காம். கடைத் திறப்புவிழா. ஐயா நாடா வெட்டுறார். அவருக்குப் பக்கத்தில மீசையோட நீங்கள்.

— அப்பா... அது எங்கட அப்பப்பா.

— வேணுஜா, போனை இஞ்ச தா. சிஸ்டர், நான் போகாமலில்லை. நத்தாருக்குப் போனனான். கிழமைநாளில கடை. ஞாயிறு எண்டால் பூசை, பூசை முடிய உங்கட பிள்ளையளுக்காக மிஷன் கூட்டம். சொல்லுங்கோ பாப்பம், நேரம் எங்க?

— தெரியும், தம்பி. எங்களுக்காகத்தான் ஓடுறியள். அதாலதான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. போன கிழமை நடாலி ஒரு கேள்வி கேட்டவள். "சிஸ்டர், அந்தோனி எண்டால் ஆர்? ஐயா என்னை அப்பிடித்தான் கூப்பிடுறார். முதல்ல இல்லை எண்டு சொன்னனான், அழுதவர். இப்ப ஓம் ஐயா எண்டு சொல்லுறன்" எண்டவள்.

— வாத்தியாருக்கு எவ்வளவு அனுப்பவேணும், சிஸ்டர்?

— ஒரு டிக்கெட் காசு, ஆயிரத்து நூறு ஐரோ. அது இந்த வருசக் கணக்கு, அனுப்பினால் தீர்ந்துபோகும். மற்றக் கணக்கையும் சொல்லிவிடுறன். நீங்கள் எங்களிட்ட அனுப்பினது இருவத்திரண்டு தொண்டர், ஆளுக்கு மூண்டு கிழமை, வரவு வைச்சிட்டன். நாங்கள் உங்கட ஐயாவுக்கு அனுப்பினது ஒரு மகன், பதினாலு மாசம். அது நிலுவையில நிக்குது, தம்பி.