தோர்கோ இன்னும் சாப்பிடல

அலோ... அலோ... யாரு, சோல்பானா? ... நான்தாம்மா, உன் மாமியார். பிஷ்கெக்லேர்ந்து பேசறேன். ... ஆமா, ஆமா, எல்லாரும் நல்லா இருக்கோம். ... இல்ல, யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ... உன் புருஷனா? எர்கின் நல்லாத்தான் சாப்பிடறான். நீ கோவிச்சுக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போனதிலேர்ந்து ஒரு கிண்ணம் கூடவே சாப்பிடறான், வெக்கம் கெட்டவன். சாப்பிடாதது உன் பாம்புதான்.

... ம், தோர்கோதான். இந்த வீட்டுல வேற எத்தனை பாம்பு இருக்கு?

... ஆமா. ... ஆமா, நீ போனதிலேர்ந்து ஒரு வாய்கூட இல்ல. ... ஆமாங்கறேன்ல!

... என்ன, மாசக்கணக்குல பட்டினி கிடக்குமா? அது கிடக்கும்டி, நான் கிடக்க மாட்டேன். என் வீட்டுக்கு வந்து யாரும் வெறும் வயித்தோட இருந்ததில்ல. மீட்டர் பாக்க வந்தவனுக்கே ரொட்டி பிட்டுக் குடுத்துத்தான் அனுப்பினேன். இப்போ மாடிப்படியில எதிர்ல வர்றவ எல்லாம் கேக்கறா, "சீரோட வந்த பாம்பு சாப்பிட்டுச்சா?"ன்னு. மெத்தை அடுக்கு, தகரப் பெட்டி, கூடவே ஒரு பாம்புன்னு நீ வந்து இறங்கினதைப் பாக்காதவ யாரு இந்தக் கட்டடத்துல?

... என்ன குடுத்தேன்னா? நீ ஃப்ரீசர்ல வெச்சுட்டுப் போனதைத்தான். என்னோட கறிக் கொழுக்கட்டைக்குப் பக்கத்துல. ... ஆமா, எலி. ... ஆமா, நீ சொன்ன மாதிரியே வெந்நீர்ல போட்டேன். ... கொதிக்கக் கொதிக்கத்தான். ... கொஞ்சம் உப்பு. ... ஒரே ஒரு வெங்காயம், அவ்வளவுதான்! ... மிளகு பேருக்கு ரெண்டு. ... கத்தாதே. வெறும் தண்ணியில வெந்ததை யாரு தின்பா?

... சரி. ... சரி. வேகக் கூடாது. ஐஸ் உருகி, உயிரோட இருக்கற எலி மாதிரி கதகதப்பா இருந்தாப் போதும். ... அது எவ்வளவு சூடுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எலியைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கினேனா நான்?

... அப்புறமா? அப்புறம் ஆட்டுக்கறி. ... கையாலதான். பின்னே? வீட்டுப் பெரியவ தன் கையால அள்ளி ஊட்டினா வாயை மூடிக்கறவன் நம்ம ஜனத்துல உண்டா? ... திறந்துச்சே! நல்லாத்தான் திறந்துச்சு. கறியை விட்டுட்டு என் கட்டைவிரலைக் கவ்விடுச்சு. ... வலிக்கல. ... கொஞ்சம் வலிச்சுது. ... கோபமெல்லாம் இல்லையா அதுக்கு? ... கொழுப்பு வாசம், கை சூடு... என் விரலை எலின்னு நினைச்சுடுச்சா? ... நல்லா இருக்கு. நாலு பிள்ளை வளத்த கை இது.

... இப்போவா? இப்போ உங்க மாமா அது எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. ... காலையிலேர்ந்து. ... பாக்கக் கூடாதா? ... என்னங்க! எழுந்திருங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா அதுக்குச் சாப்பாடு இறங்கலையாம். ... நான் சொல்லலைங்க, மருமக சொல்றா. ... மெதுவா நடங்க, தரை அதிரக் கூடாதாம். ... ம், சொல்லு, போயிட்டாரு.

... குளிரா? இல்ல, கதகதப்பாத்தான் இருக்கு. நேத்து கரண்ட் போனப்போகூட உங்க மாமாவோட ஆட்டுத்தோல் கோட்டை எடுத்துக் கூண்டு மேல போத்திட்டேன். ... அவரா? அவரு நடுங்கினாரு.

... கண்ணு? ஆமா, போன வாரம் நீலமா மங்கிப் போயிருந்துச்சு. உன்னை நினைச்சு அழுதிருக்குன்னு நினைச்சேன். ... தோல் உரிக்கப் போறதுக்கு அடையாளமா? ... அதான் சாப்பிடலையா! அடப்பாவி, இது தெரியாம நான் எர்கினை உலுக்கி எடுத்தேனே, என்னடா பண்ணினே பாம்பைன்னு. ... உரிச்சுடுச்சே! முந்தாநாளு. நீளமா, மெல்லிசா. நீ விட்டுட்டுப் போன காலுறைன்னு துவைச்சுக் காயப்போட்டிருக்கேன். ... நிஜமாத்தான். ஒரே கால்தான் இருக்கு, ஜோடியைக் காணோமேன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

... ம். ... ம். இனிமே பசிக்கும். ... கிட்டப் போகாம, இருட்டா வெச்சு, அது பாட்டுக்கு விடணும். ... பயம் இல்லாத இடத்துலதான் சாப்பிடுமா? ... இரு இரு. அப்போ என் வீட்டுல அது பயந்துக்கிட்டு இருக்குங்கறியா?

... இதோ, ஆரம்பிச்சுட்டே. ... விருந்துக்கு வந்தவங்க நடுவுல, பொரிச்சுக் கொட்டின போர்சோக் மாவு உருண்டைக் குவியலுக்குள்ளேர்ந்து தலையை நீட்டினா நான் என்னதான் பண்ணுவேன்? பாம்பு வீட்டுக்குள்ள வந்தா தலையில பாலை ஊத்தி, கதவைத் திறந்து, "நல்லபடியா போயிட்டு வா"ன்னு வழியனுப்பறது உங்கம்மா ஊர் நாரின்ல வழக்கம் இல்லையா? ... கூண்டுலேர்ந்து வந்தா என்ன, காட்டுலேர்ந்து வந்தா என்ன, கை தானா பால் சட்டிக்குப் போயிடுச்சு! ... பாம்பைத்தான் போகச் சொன்னேன். ... உன்னைச் சொல்லலடி! கதவுகிட்ட நின்ன நீ அதை உனக்குன்னு எடுத்துக்கிட்டா நானா பொறுப்பு?

... என்ன? ... என்ன சொன்னே, திருப்பிச் சொல்லு.

... உன் தம்பியா. ... பனி விட்டதும் லாரி எடுத்துக்கிட்டு வந்து, மெத்தை, பெட்டி, பாம்பு, எல்லாத்தையும்...

... எர்கின்கிட்டே சொன்னியா இதை? ... சொல்லலையா. ... ம்.

... இல்ல, லைன்லதான் இருக்கேன். ... அப்போ பனி விடற வரைக்கும் பாம்பு நல்லா இருந்தாச் சரி, எங்களைப் பத்தி உனக்குக் கவலை இல்ல. ... இன்னிக்கு சாப்பிடலைன்னா? ... நீயே கிளம்பி வருவியா! நாளைக்கேவா? ... சாப்பிட்டுட்டா? ... சாப்பிட்டுட்டா நீ வர மாட்டே. லாரிதான் வரும். ... புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது.

... இரு, போனைக் காதுல இடுக்கிக்கறேன். ... ம், நீ சொன்னப்பவே தண்ணியில போட்ட அடுத்த எலி இப்போ வெதுவெதுன்னு இருக்கு. வெங்காயம் இல்ல. ... இடுக்கி எடுத்துட்டேன். ... ஜன்னல் திரையை இழுத்துட்டேன். ... ஆட்டறேன். ... ஓடற மாதிரியா? இந்த வயசுல என்னை எலி வேஷம் கட்ட வெச்சுட்டே. ... சரி, பேசல.

...

... நாக்கை நீட்டுது.

... பாத்தியா, திரும்பிக்கிச்சு. நான்தான் சொன்னேனே, அதுக்கு இஷ்டமே இல்ல, நீ நேர்ல வந்தாத்தான்... ஐயோ!

... ஒண்ணும் இல்ல. ... இல்லையே. ... அந்தச் சத்தமா? இடுக்கி கீழ விழுந்துச்சு. ... இல்லம்மா, சாப்பிடல. அப்படியே கல்லு மாதிரி கிடக்கு. ... யாரு கத்தறாங்கன்னா? உங்க மாமாதான். கதவிடுக்குல எட்டிப் பாக்கறாரு. ... ஆமா, "முழுங்குது"ன்னுதான் சொல்றாரு. அது... பிரஷர் மாத்திரை. மாத்திரை முழுங்கினா ஊருக்கே சொல்லணும் அவருக்கு. ... என்னங்க, சும்மா இருங்களேன்!

... ஆமா, பாவம், எலும்பும் தோலுமா இருக்கு. நீ நாளைக்குக் காலையிலயே வண்டி ஏறிடு. ... என்ன, இப்போவா? தூக்கி என் தோள்மேல போட்டுக்கணுமா? ... பசியில இருந்தா என் உடம்புச் சூடு நல்லதா? ... ஐயையோ, தூக்கவே கூடாதும்மா! இரை எடுத்த கையோட தூக்கினா கக்கிடும்னு அன்னிக்கு எர்கினை நீதானே அந்தத் திட்டு திட்டினே, இப்போ நீயே...

...

... அலோ?

... சோல்பான்? சிரிக்கிறியா, அழறியா?

... சரி. சாப்பிட்டுச்சு. ... ஆமா, தலைப் பக்கமாத்தான். வால் மட்டும் வெளிய இருக்கு. ... இப்போ அதுவும் உள்ள போயிடுச்சு. ... பொய்தான் சொன்னேன். பின்னே? உன் தம்பி லாரியோட வருவான்னா இந்தப் பாம்பு கிழடு தட்டற வரைக்கும் சாப்பிடலைன்னே சொல்லுவேன்.

... நீ கேளு. கொஞ்சம் கேளு. பயம் இருந்தா சாப்பிடாதுன்னே. என் கையால சாப்பிட்டுடுச்சு. பாலையும் ஊத்தி, கதவையும் திறந்துவிட்டவ கையால. அதுக்கே என்மேல பயம் விட்டுப் போச்சு, உனக்கு ஏன்டி விடல?

... ம். ... ம். ... நான் சொன்னது தப்புதான். நீ அங்க நிக்கறேன்னு பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். ... ஆமா. ... இல்ல, எர்கின் சொல்லித் தரல. அவன் வேலையிலேர்ந்து இன்னும் வரவே இல்ல.

... அடுத்த எலியா? அது எப்போ? ... எலி ஜீரணமாகற வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாதா? சரி. ... நான் ஆட்டினது சரியில்லையா? நீ எப்படிப் பாத்தே? ... ஓ. நீ வந்து ஆட்டிக் காட்டறியா. ... அடுத்ததை நீயே போடறியா. ... எந்த நாளு? ... சரி சரி, கேக்கல. ... கணவாய்ல பனி கொட்டினாலும் எர்கினை அனுப்பறேன், பஸ்ல வராதே. ... ம். ... இல்ல, வேற ஒண்ணும் சொல்லல. ... வை. போனை வை, மனசு மாத்திக்கறதுக்குள்ள வை!